தூத்துக்குடி பழைய துறைமுகம் அருகே 100 ரூபாய்க்கு மீன் சாப்பாடு: கடையின் இடத்தைச் சொல்லலாமா?

தாம்பரத்தான் | மார்ச் 16

அலுவலக வேலையாக நான்கு நாட்கள் தூத்துக்குடியில் தங்கிவிட்டு நேற்றுத்தான் முத்துநகர் விரைவு ரயிலில் ஊர் திரும்பினேன். அங்கே நான் கண்ட ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரயிலில் ஏறியதிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்தேன். எழுதி முடித்த பிறகு உங்கள் அனைவரிடமும் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் நாள் விடுதிக்கு அருகில் இருந்த குளிரூட்டப்பட்ட உணவகம் ஒன்றில் மதியச் சாப்பாடும் இரண்டு துண்டு வறுத்த மீனும் வாங்கினேன். 380 ரூபாய் ஆயிற்று. மீன் கெட்டுப்போயிருக்கவில்லை என்றாலும் எந்தக் கடலில் எப்போது பிடித்தது என்று சொல்ல முடியாத, ஐஸ் பெட்டியிலேயே தன் சுவையை விட்டுவிட்டு வந்த மீன் அது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் இப்படிச் சாப்பிட்டோமே என்ற வருத்தம் இரவு வரை இருந்தது.

மறுநாள் வேலை சீக்கிரம் முடிந்ததால் கடற்கரைச் சாலையில் நடந்து பனிமய மாதா கோயிலைப் பார்த்துவிட்டு, பழைய துறைமுகத்தின் பக்கமாகப் போனேன். நண்பகல் கடந்திருந்தது. தோணிகளில் மூட்டை ஏற்றும் தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், குழாயடியில் கை கால் முகம் கழுவிவிட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சந்துக்குள் வரிசையாக நுழைந்தார்கள். அவர்களுடைய நடையில் இருந்த அவசரத்தைப் பார்த்ததும் உள்ளே சாப்பாடு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலேயே போனேன்.

பெயர்ப் பலகை இல்லாத ஒரு வீடு. முன்புறம் தகரக் கூரை போட்டு மூன்று நீள மேசைகளும் பலகைகளும் போட்டிருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்காதான் அடுப்படியில் நின்றார். அவருடைய தங்கை இலை போட்டார். என்ன மீன் இருக்கிறது, வஞ்சிரம் கிடைக்குமா என்று கேட்டேன். "இன்னைக்குச் சாளைதான் தம்பி வந்திருக்கு, உக்காருங்க" என்றார். வேறு எதுவும் கேட்காமல் சோற்றைப் போட்டார்.

தேங்காய் அரைத்து ஊற்றி, மாங்காய்த் துண்டு போட்டு, மண்சட்டியில் வைத்த குழம்பு. புளிப்பு முதலில் வருகிறது, காரம் பிறகு வருகிறது, தேங்காய் இரண்டையும் தணிக்கிறது. பொன்னிறமாக வறுத்த மூன்று சாளையும் தனியே வாங்கிக்கொண்டேன். முள்ளோடு மென்று தின்னும் அளவுக்கு முறுகலாக இருந்தது. முட்டைக்கோஸ் பொரியல், ரசம், மோர் எல்லாம் சேர்த்துச் சாப்பாடு 100 ரூபாய், வறுவல் 40 ரூபாய். சோற்றுக்கும் குழம்புக்கும் கணக்கே கிடையாது. எனக்கு எதிரில் அமர்ந்திருந்த பெரியவர் மூன்று முறை சோறு வாங்கினார், மூன்று முறையும் அந்த அக்கா முகம் சுளிக்காமல் போட்டார். மீதமிருந்த இரண்டு நாட்களும் அங்கேதான் சாப்பிட்டேன். ஒரு நாள் நெத்திலி, மறுநாள் கணவாய்.

இப்போது கேள்வி. இந்தக் கடையின் சரியான இடத்தை இங்கே எழுதலாமா? அக்காவிடம் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். எழுதினால் அவர்களுக்கு நன்மையா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

ஊர்சுற்றி | மார்ச் 16

ஐயா, இதில் தயங்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பலகை வைக்கக்கூட வசதியில்லாமல் ஒரு பெண் கடை நடத்துகிறார், அவருடைய சமையலை நீங்கள் மனமாரப் புகழ்கிறீர்கள். பத்துப் பேர் கூடுதலாக வந்தால் அவருக்குத்தானே வருமானம்? வழி தெரியாமல் 380 ரூபாய் கொடுத்துவிட்டு வருத்தப்படும் பயணிகள் இன்னும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நீங்கள் உதவியதாகும். தெருவின் பெயரையாவது எழுதுங்கள்.

முத்துக்குளித்துறை | மார்ச் 17

தம்பி தாம்பரத்தான், எங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு அன்போடு எழுதியதற்கு நன்றி. நான் பிறந்து வளர்ந்தது மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில்தான். நீங்கள் சொல்லும் வீடு எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் தயக்கத்தை மதித்து நானும் அதைச் சொல்லாமல் விடுகிறேன், ஆனால் இப்படிப்பட்ட கடைகள் எங்கள் ஊரில் ஏன் இருக்கின்றன என்பதைச் சொல்லலாம்.

தூத்துக்குடி நெடுங்காலமாக உழைப்பாளிகளின் ஊர். உப்பளம், துறைமுகம், பஞ்சாலை ஆகிய மூன்றிலும் வேலை செய்தவர்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலையில்தான் திரும்புவார்கள். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இதே ஊரில்தான். அன்று கொழும்புக்குப் போகிறவர்கள்கூட இங்கே வந்துதான் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகே அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிப் பக்கம் போயிற்று. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, பெரிய கப்பல்கள் எல்லாம் அங்கே நிற்கத் தொடங்கின. பழைய துறைமுகம் தோணிகளுக்கு என்று ஆயிற்று. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் இன்றும் அந்த மரத் தோணிகளில் போகின்றன. மூட்டை தூக்குகிறவருக்கு மதியம் ஒரு மணிக்கு வயிறு நிறையச் சோறு வேண்டும், கூலியில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிடவும் முடியாது. நீங்கள் சாப்பிட்ட இலை அந்தத் தேவைக்காகப் போடப்பட்ட இலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் வஞ்சிரம் என்று நீங்கள் அழைக்கும் மீனை இங்கே சீலா என்போம். அது கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் நாட்கள் உண்டு. 100 ரூபாய்ச் சாப்பாட்டுக் கடையில் அதைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். சாளை, காரல், நெத்திலி, நகரை, அயிலை ஆகியவைதான் எங்கள் வீடுகளில் வாரத்தில் ஐந்து நாள் கொதிக்கும் மீன்கள். விருந்தாளி வந்தால் மட்டுமே சீலாவும் விளைமீனும்.

கொங்குநாட்டான் | மார்ச் 17

எல்லோரும் புகழும்போது நான் மாற்றிச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கடலோர ஊரில், இதைப் போலவே மலிவாக இருக்கிறது என்று ஒரு சிறு கடையில் மீன் சாப்பிட்டு, மூன்று நாட்கள் மருத்துவமனையில் கிடந்தேன். கூட வந்த என் மகளுக்கும் அதே நிலை. அன்றிலிருந்து வெளியூரில் மீனைத் தொடுவதில்லை. விலை குறைவாக இருக்கிறது என்றால் எங்கோ ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? தண்ணீர் எப்படி இருந்தது, பாத்திரம் எப்படிக் கழுவினார்கள் என்பதையும் தாம்பரத்தான் எழுதினால் நன்றாக இருக்கும்.

தாம்பரத்தான் | மார்ச் 17

நியாயமான கேள்வி. உங்கள் மகளுக்கும் நேர்ந்தது என்பதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். குடிக்கக் கொடுத்தது சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த வெதுவெதுப்பான தண்ணீர். வாழையிலையில் பரிமாறியதால் தட்டு கழுவும் வேலையே இல்லை, தம்ளர்களை மட்டும் வெந்நீரில் அலசினார்கள். மூன்று நாட்களில் ஒரு நாள்கூட முந்திய நாளின் மீன் குழம்பை அங்கே பார்க்கவில்லை. இரண்டரை மணிக்குச் சோறு தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், குளிர்பதனப் பெட்டியும் கண்ணில் படவில்லை. வயிற்றுக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை. இதற்கு மேல் உறுதி கொடுக்க எனக்குத் தகுதி இல்லை.

முத்துக்குளித்துறை | மார்ச் 17

தண்ணீரைப் பற்றி ஒரு வரி: நகருக்குக் குடிநீர் வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர்தான். மீனைப் பொறுத்தவரை, சின்ன மீனில் பழையதை மறைக்கவே முடியாது. சாளை சில மணி நேரம் வெயிலில் கிடந்தால் வயிறு உடைந்துவிடும், அதைக் குழம்பில் போட்டால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பெரிய மீனைத்தான் ஐஸில் நாள் கணக்கில் வைத்துத் துண்டு போட்டு மசாலா தடவி ஒப்பேற்ற முடியும்.

உப்பளத்து வெயில் | மார்ச் 19

இரண்டு நாட்களாக இந்த இழையைப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன். என் அம்மா இதே ஊரில் 22 ஆண்டுகள் மெஸ் நடத்தியவர். பள்ளி விடுமுறை நாட்களில் மீன் ஆய்ந்து கொடுத்தவள் நான். ஆகவே கொங்குநாட்டான் ஐயா கேட்ட கேள்வியை, அதாவது விலை குறைவென்றால் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்பதை, என்னால் விளக்க முடியும்.

அம்மா விடியற்காலையில் திரேஸ்புரம் கரைக்குப் போவார். நாட்டுப் படகுகள் அங்கேதான் வந்து அணையும். ஏலம் தொடங்கும்போது வாங்க மாட்டார். பெரிய வியாபாரிகள் வெளியூருக்கு அனுப்ப வேண்டியதை எடுத்துக்கொண்டு போன பிறகு, சின்ன மீன் கூடைகள் மிஞ்சி நிற்கும். அந்த நேரத்தில் அதே மீன், அதே புதுமை, விலை மட்டும் இறங்கியிருக்கும். இன்று என்ன குழம்பு என்பதை அம்மா வீட்டில் முடிவு செய்ததே இல்லை, கரையில் மிஞ்சிய கூடைதான் முடிவு செய்யும். விசைப்படகுகள் காலை 5 மணிக்கு மேல் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது இங்கே விதி. அந்த மீன் மீன்பிடித் துறைமுகத்தில் இரவு இறங்கும். அம்மா அந்தப் பக்கம் போனது அரிது.

சின்ன மீன் மலிவு, ஆனால் அதை ஆய்வது எளிதல்ல. ஒரு கூடைச் சாளையைச் செதில் நீக்கி, குடல் எடுத்து, உப்புப் போட்டு அலசி முடிக்க இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரிய உணவகம் இந்த மீனை வாங்காததற்கு இதுவே முதல் காரணம், ஆள் கூலி கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டில் அந்தக் கூலியை யாரும் கணக்கில் எழுதவில்லை. அம்மாவும் சித்தியும் நானும் செய்தோம். சொந்த வீடு என்பதால் வாடகை இல்லை, பரிமாற ஆள் இல்லை, நாளுக்கு அறுபது இலைக்கு மேல் போடுவதில்லை என்பதால் மீந்து கொட்டிய சோறும் இல்லை. வருகிறவர்கள் யார் யார் என்று தெரியும். பெரும்பாலானவர்கள் வாரக் கணக்கு வைத்துச் சனிக்கிழமை கூலி வாங்கியதும் தருவார்கள். ஆகவே ஐயா, குறைந்தது சுத்தம் அல்ல. எங்கள் வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலை போடாமல் விட்டோம், அந்தப் பணம்தான் இலையில் குறைந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அம்மாவின் விரல்களில் முள் குத்திய தழும்பு இன்றும் இருக்கிறது.

இனி, இடத்தைச் சொல்வது பற்றி. யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு எங்கள் மெஸ்ஸைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். ஒரு மாதத்துக்குள் சந்தில் கார்கள் நின்றன. வந்தவர்கள் நல்லவர்கள்தான், கேட்ட விலையைக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது ஒரு மணிக்கு. மூட்டை இறக்கிவிட்டு வியர்வையோடு வந்த அண்ணன்மார், புதியவர்கள் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டு வெளியே நின்றார்கள். சாப்பிடுகிறவர்களை அனுமதி கேட்காமல் படம் எடுத்தார்கள். சீலா இல்லையா, இறால் இல்லையா என்று கேட்டதால், அம்மா கடன் வாங்கி அவற்றையும் வாங்கி வைத்தார். சில நாள் விற்றது, சில நாள் மிஞ்சியது. சாப்பாட்டு விலையை ஏற்ற வேண்டியதாயிற்று. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போனார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் கார்களும் நின்றன. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் தள்ளாடிவிட்டு அடுப்பை அணைத்தோம். வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தாம்பரத்தான் அண்ணன் தயங்கியது சரி என்றே நினைக்கிறேன்.

ஊர்சுற்றி | மார்ச் 19

சகோதரி, உங்கள் பதிவைப் படித்த பிறகு முதல் நாள் நான் எழுதியது அவசரமாகத் தோன்றுகிறது. இருந்தாலும் ஒன்றை மட்டும் முன்வைக்கிறேன். தோணித் தொழிலில் வேலை ஒரே சீராக இருப்பதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் குறைந்தால், அவர்களை மட்டுமே நம்பிய கடை என்ன ஆகும்? வெளியூர்க்காரர்களை முற்றிலும் விலக்குவதும் ஆபத்தாக முடியலாம். முடிவு செய்ய வேண்டியவர் நீங்களோ நானோ அல்ல, அந்த அக்காதான். அவரிடமே கேட்டால் என்ன?

துளசிமாடம் | மார்ச் 20

எங்கள் வீட்டில் அனைவரும் சைவம். திருச்செந்தூர் போகும் வழியில் தூத்துக்குடியில் ஒரு வேளை தங்குவோம். சைவத்துக்கும் இதைப் போல வீட்டுச் சமையல் கிடைக்குமா?

முத்துக்குளித்துறை | மார்ச் 20

கிடைக்கும் அம்மா. பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சைவ மெஸ்கள் உண்டு. அங்கேயும் மதியம் ஒரு மணிக்கு முன்பு போய்விடுங்கள். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை மாதா கோயில் திருவிழா நடக்கும், அந்த நாட்களில் மட்டும் எந்தச் சிறு கடையிலும் இடம் கிடைப்பது கடினம். ஒரு செய்தி: இங்கே பேக்கரிகளில் விற்கும் மக்ரூனில் முந்திரியோடு முட்டையின் வெள்ளைக்கருவும் சேரும். பலர் தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள்.

தாம்பரத்தான் | மே 12

ஊர்சுற்றி ஐயா சொன்னதை மனதில் வைத்திருந்தேன். இந்த முறை விடுமுறையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூன்று நாட்கள் போய் வந்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பதால் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கின்றன. நாட்டுப் படகுகள் மட்டும் போகின்றன. மீன் குறைவு, விலை அதிகம். கடை திறந்திருக்குமா என்ற சந்தேகத்தோடுதான் சந்துக்குள் நுழைந்தோம். திறந்திருந்தது. ஆனால் இலையில் மீன் குழம்பு இல்லை. கத்தரிக்காயும் மாங்காய்க் கொட்டையும் போட்ட கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, கீரை. விலை அதே 100 ரூபாய். இந்த இரண்டு மாதங்களில் மீன் வாங்கினால் விலையை ஏற்ற வேண்டும், ஏற்றினால் கூலி ஆட்களால் கொடுக்க முடியாது, அதனால் தை, மாசியிலேயே கருவாடு வாங்கிப் பானையில் கட்டி வைத்துவிடுவதாக அக்கா சொன்னார். முதல் உருண்டை வாயில் வைத்ததும் என் அம்மா, தேங்காயோடு கொஞ்சம் சின்ன வெங்காயமும் சீரகமும் பச்சையாகவே வைத்து அரைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் பேச இடமே இல்லை. மறுநாள் காலை அம்மா அந்த அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், இந்த இழையில் நடந்த பேச்சு முழுவதையும் அக்காவிடம் சொன்னேன். குறிப்பாக உப்பளத்து வெயில் எழுதியதைப் படித்தே காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அந்த மெஸ்ஸை அவருக்குத் தெரியுமாம், சகோதரியின் அம்மாவையும் தெரியுமாம். இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "வரச் சொல்லுங்க தம்பி. பன்னிரண்டு மணிக்கு வரட்டும், இல்லேன்னா ரெண்டு மணிக்கு மேல வரட்டும். ஒரு மணி நம்ம ஆளுகளுக்கு. யாரையும் படம் பிடிக்க வேண்டாம். இருக்கதைச் சாப்பிடணும்."

இடத்தை எழுதட்டுமா என்று மறுபடியும் கேட்டதற்கு, வழியைச் சொல்லுங்கள், பெயரும் கைபேசி எண்ணும் வேண்டாம் என்றார். ஆகவே அவர் சொன்ன வரை மட்டும் எழுதுகிறேன். மாதா கோயிலைப் பார்த்துவிட்டுப் பழைய துறைமுகத்தின் பக்கம் நடந்து வாருங்கள். தோணிகளில் சரக்கு ஏற்றும் இடத்தின் அருகில் குழாயடி இருக்கிறது, அதற்கு எதிரே உள்ள சந்தில் யாரைக் கேட்டாலும் "அக்கா கடை" என்று காட்டுவார்கள். ஞாயிறு விடுமுறை.

உப்பளத்து வெயில் | மே 12

அண்ணா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். திரேஸ்புரம் கரையில் இருவரும் ஒரே கூடையைப் பங்கு போட்டு வாங்கிய நாட்கள் உண்டாம். வருகிற சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் நானும் அம்மாவும் அங்கே போகிறோம்.